ஒடியா பேசி ஒருவனை உள்ளே வைத்த கதை

காசு வாங்காமல் உதவி செய்ய வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காசு வாங்குகிறவரை அதட்டலாம். இதுதான் உன் வேலை, இதை மட்டும் செய் என்று சொல்லலாம். சரியில்லையென்றால் அடுத்த முறை வராதே என்று அனுப்பிவிடலாம். சும்மா வந்தவளை என்ன செய்ய முடியும்? காபி கொடுத்து உட்காரவைத்து, அவள் செய்கிறதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படிச் சும்மா போனவள். போன இடம் கல்யாண வீடாக இருந்தால் பாயசத்தில் உப்பு போட்டதோடு முடிந்திருக்கும். நான் போனது கோர்ட்டுக்கு.

எனக்கு ஒடியா தெரிந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒடிசாவில் பாரதீப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. கல்யாணமான மறுமாதமே அங்கே போய் இறங்கினேன். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஊமையாக நின்ற என்னைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சபிதா விடவில்லை. கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி ஒரு சொல், என் மூக்குத்தியைத் தொட்டு ஒரு சொல் என்று தினமும் பாடம். கொஞ்ச நாளில் மீன்காரியிடம் பேரம் பேசினேன். பிறகு சண்டையே போட்டேன். சண்டை போடத் தெரிந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று அர்த்தம் என்று சபிதா எனக்குத் தேர்ச்சி கொடுத்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் என்னை 'மாவுசி' என்று கூப்பிட்டார்கள். அம்மாவின் தங்கச்சி, நம் ஊர்ச் சித்தி. (என் வீட்டுக்காரர் அத்தனை வருஷமும் இந்தியை வைத்தே ஓட்டிவிட்டார். 'கிரேனுக்கு எந்த பாஷையும் வேணாம்' என்பது அவர் கட்சி.)

அப்புறம் காரைக்காலிலேயே துறைமுகம் வந்தது. அவருக்கு இங்கேயே வேலை கிடைத்தது. சொந்த ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று இரண்டு குடும்பத்திலும் ஒரே கொண்டாட்டம். நான் ரயிலில் ஏறியதிலிருந்து விஜயவாடா வரை அழுதேன். வயிற்றுவலி என்று நினைத்து வீட்டுக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

காரைக்கால் தருமபுரத்தில் வீடு கட்டினோம். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்த வேகத்தில் ஒடியாவை மறந்துபோனார்கள். எனக்கு மட்டும் மறக்கவில்லை. பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இவள் எதற்கு ஏங்குகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளக்கத் தெரியவில்லை. கனவில் யாராவது கூப்பிட்டால் அந்த மொழியில்தான் கூப்பிட்டார்கள். விழித்தால் பேச ஆள் இல்லை. சபிதாவோடு முதலில் தினமும் போன், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு பண்டிகைக்கு. இப்போது தினமும் காலையில் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படம் ஒன்று அனுப்புகிறாள். நானும் பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்புகிறேன். அவள் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

இந்த ஏக்கம் முற்றிப்போய், வடநாட்டுச் சாயலில் யாரைப் பார்த்தாலும் ஒடியாவில் பேச்சுக்கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. டைல்ஸ் போட வந்தவரிடம் பேசினேன், அவர் பீகார். ஓட்டலில் பரோட்டா போடுகிறவரிடம் பேசினேன், அவர் அசாம். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனிடம் நீளமாகக் குசலம் விசாரித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குத் திருவண்ணாமலைங்க" என்றான்.

இப்படி நான் காத்துக் கிடந்த காலத்தில்தான் செந்தாமரை வந்தாள். கோட்டுச்சேரிப் பெண். எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தாள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடுகிறார்களே, அந்த இலவசச் சட்ட உதவி வக்கீல்.

"ஆன்ட்டி, உங்களுக்கு ஒடியா தெரியும்னு அங்கிள் சொன்னாங்க. நெசமாவா?"

"கனவே அதுலதாம்மா வருது. ஏன் கேக்குற?"

அவள் சொன்ன கதை இது. நிரஞ்சன் என்று ஒரு பையன். ஒடிசாவில் கேந்திராபாடா பக்கம் ஏதோ ஒரு கிராமம். இங்கே ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டி தூக்குகிற வேலை. அரசலாற்றில் கட்டிக்கிடந்த ஒரு பைபர் படகு காணாமல் போய், தரங்கம்பாடிக்கு நேராகக் கடலில் கிடைத்திருக்கிறது. படகுக்குள் நிரஞ்சன். படகுத் திருட்டு என்று வழக்குப் போட்டு, கிளைச் சிறையில் வைத்துவிட்டார்கள். ஜாமீனில் எடுக்க உள்ளூரில் அவனுக்கு ஆள் இல்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது, இந்தியும் அரைகுறை. பிடித்த நாளிலிருந்து இன்றுவரை என்ன நடந்தது என்று அவன் வாயால் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஊர்ல அம்மா மட்டுந்தான் ஆன்ட்டி. வாய்தா மேல வாய்தா போவுது. அவனுக்கு வக்கீல் வைக்க அரசாங்கம் காசு குடுக்குது, எனக்கு வருது. ஆனா நான் சொல்றது அவனுக்குப் புரியணும், அவன் சொல்றது ஜட்ஜுக்குப் புரியணுமுல்ல? நடுவுல பேசுற ஆளுக்குக் காசு எந்தக் கணக்குல குடுக்கறதுன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. கேட்டா, அந்த செலவுக்குத் தலைப்பே இல்லங்கிறாங்க."

"தலைப்புன்னா?"

"கணக்குத் தலைப்பு ஆன்ட்டி. பேப்பர் வாங்க ஒரு தலைப்பு, வண்டிக்கு டீசல் போட ஒரு தலைப்பு, ஜன்னலுக்குத் திரை போட ஒரு தலைப்பு. அவன் பேசறதைப் புரிஞ்சுக்கத் தலைப்பு இல்ல. நீங்க ஒரு நாள் சும்மா வந்தீங்கன்னா, ஜட்ஜ் ஐயா ஒத்துக்குவாரு."

ஒரு பையன் சிறையில் கிடக்கிறான் என்று கேட்டதும் என் மனசு பதறியிருக்க வேண்டும். பதறியதுதான். ஆனால் அதற்கு ஒரு அடி முன்னால் போய் நின்றது வேறொன்று. நாளைக்கு நான் ஒடியா பேசப்போகிறேன். வாயெல்லாம் ஊறியது. சபிதா கொடுத்த, ஒடிசாத் தறியில் நெய்த சம்பல்புரி சேலையைப் பீரோவிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று, "உன் பெயர் என்ன? உன் ஊர் எது?" என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்காரர் பல் குச்சியோடு வந்து நின்றார்.

"இந்தா பாரு. கேட்டதை மட்டும் கேளு. சொன்னதை மட்டும் சொல்லு. உன் சரக்கைச் சேக்காத."

"எனக்குத் தெரியாதாங்க?" என்றேன்.

கோர்ட்டில் எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. டவாலி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நிரஞ்சனை அழைத்துவந்து கூண்டில் நிறுத்தினார்கள். என் மூத்தவன் வயதுதான் இருக்கும். யாரோ கொடுத்த சட்டை, தோளில் நிற்காமல் நழுவியது. படகுக்காரர் முத்தையன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளிஞ்சல்மேடு மீனவக் கிராமத்துக்காரர். "சுனாமி ஒரு போட்ட வாங்கிக்கிச்சு. இதையும் உடறதுக்கு நான் ஆளில்ல" என்று செந்தாமரையிடம் முன்பே சொல்லியிருந்தாராம். அவர் கோபத்தைக் குறை சொல்ல முடியாது.

எனக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள். கேட்டதைக் கேட்டபடி, சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன். கணீரென்று சொன்னேன். ஜட்ஜ் ஐயா களைத்த முகம், மெதுவான பேச்சு. நான் வந்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம் என்று நினைக்கிறேன். அது நெடுநேரம் நீடிக்கவில்லை.

"அவர் பெயரைக் கேளுங்கம்மா," என்றார்.

நான் நிரஞ்சன் பக்கம் திரும்பினேன். பெயரைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சாப்பாட்டு வேளை, மெலிந்த பிள்ளை, எதிரே நான். ஒரு ஆளைப் பார்த்ததும் நாம் முதலில் எதைக் கேட்போமோ அது வந்து விழுந்தது. "சாப்பிட்டியாப்பா?" என்று ஒடியாவில் கேட்டுவிட்டேன்.

அவன் விருட்டென்று தலையைத் தூக்கினான். என் முகத்தைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான்.

"மாவுசி," என்றான்.

ஊரை விட்டு வந்தபிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதன் பிறகு நடந்த பேச்சு முழுக்க ஒடியாவில் நடந்தது.

"சாப்பிட்டேன் மாவுசி. சோறு குறையில்லாமப் போடறாங்க. ஆனா எல்லாத்துலயும் புளி. பருப்புலகூடப் புளி."

"இங்க அப்படித்தான் ராசா. நான் ஒடிசாவுக்கு வந்தப்ப, புளியில்லாம எனக்கு நாக்கே செத்துப்போச்சு."

"நீங்க எந்த ஊரு மாவுசி?"

"பாரதீப்," என்றேன். (காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள், காரைக்கால் கோர்ட்டில் நின்றுகொண்டு, பிரமாணம் எடுத்த ஈரம் காயாத வாயால் சொன்ன பதில் இது.)

"எங்க மாமா அங்க மீன் மார்க்கெட் பக்கத்துல சைக்கிள் கடை வெச்சிருக்காரு."

"பச்சை போர்டு கடையா? வாசல்ல முருங்கை மரம்?"

"அதேதான் மாவுசி. மரம் போன புயல்ல விழுந்துடுச்சு."

"அடப்பாவமே. எங்க பிள்ளைங்க சைக்கிளுக்கு அங்கதான் காத்தடிப்போம்."

விழுந்த முருங்கை மரத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். கோர்ட்டு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. பெஞ்ச் கிளார்க் எழுதுவதற்குத் தயாராகப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

"பெயர் என்னம்மா?" என்றார் ஜட்ஜ்.

"அதுக்கு இன்னும் வரலைங்க ஐயா."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. "இவ்வளவு நேரம் பேசியது என்ன?" என்று கேட்டார். பிரமாணம் எடுத்திருக்கிறேனே, மறைக்கலாமா? சிறைச் சாப்பாட்டில் புளி அதிகம் என்பதில் தொடங்கி, முருங்கை மரம் வரைக்கும் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். சிறைக்காவலர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். புளி இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். செந்தாமரை கண்ணை மூடிக்கொண்டாள். (வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, என்னைப் பார்க்காமல் இருக்க மூடியதாகச் சொன்னாள்.)

ஒருவழியாகப் பெயரும் ஊரும் வாங்கிக் கொடுத்தேன். ஜட்ஜ் குற்றச்சாட்டைப் படித்தார். இன்னாருடைய படகை அவருடைய சம்மதம் இல்லாமல் திருடிக்கொண்டு போனதாக வழக்கு. "இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கேள்வியை மட்டும் கேட்டால் போதும்," என்றார்.

கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்றால், தப்பு இருக்கிறதோ இல்லையோ, முதலில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மீனவர் பஞ்சாயத்தானாலும் சரி, வயல் வரப்புத் தகராறானாலும் சரி, முதலில் கும்பிடு, அப்புறம்தான் நியாயம். அவர்கள் மனசு இறங்கிய பிறகு பேச்சு சுலபமாகும். நானே அப்படிக் குடும்பம் நடத்தியவள். என் மாமியாரிடம் நான் கேட்ட மன்னிப்புகளில் பாதி, எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பாசத்தில் சொன்னேன். "ராசா, முதல்ல ஐயா முன்னால விழுந்து மன்னிப்புக் கேட்டுக்க. நல்ல மனுஷன், மனசு எளகும். அப்புறம் நடந்ததைச் சொல்லலாம்."

மாவுசி சொன்னால் மறுபேச்சு உண்டா? நிரஞ்சன் கூண்டை விட்டு இறங்கிவந்து, கையை நீட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நெற்றி தரையில் பட்ட சத்தம் கேட்டது. கூடவே என்னவோ சொன்னான். அதை எனக்கு மொழிபெயர்க்க நேரமே கிடைக்கவில்லை. முத்தையன் எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா சாமி, ஒத்துக்கிட்டான்."

பெஞ்ச் கிளார்க் பேனாவை இறக்கினார். ஜட்ஜ் முன்னால் குனிந்தார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா?"

ஒரு சொல் தப்பிப் போனால் இந்தப் பையன் செய்யாத காரியத்துக்குத் தண்டனை வாங்குவான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவனை அங்கே கிடத்தியவள் நான். செந்தாமரை நல்லவேளை கண்ணைத் திறந்திருந்தாள்.

"ஐயா, மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொன்ன பிறகுதான் என் கட்சிக்காரர் விழுந்தார். என்ன சொன்னாங்கன்னு அவங்களையே கேக்கணும்."

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "நீங்கள் என்னம்மா சொன்னீர்கள்?"

"மன்னிப்புக் கேக்கச் சொன்னேங்க ஐயா."

"நான் அதைக் கேட்கச் சொன்னேனா?"

"இல்லீங்க. ஒரு மரியாதைக்காகச் சொன்னேங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா இப்ப நான் எழுதியிருந்தா, இந்தப் பையன் என்ன சொன்னான்னே தெரியாம அவனைக் குற்றவாளின்னு எழுதியிருப்பேன்."

பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்ல கிளார்க் எழுதினார். நான் மொழிபெயர்த்த எதுவும் பதிவில் இருக்கக் கூடாது. தகுதியுள்ள ஒடியா மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அரசு செலவில் அமர்த்த வேண்டும். ஒருவனுடைய விடுதலை, அக்கம்பக்கத்தாரின் இரக்கத்தை நம்பி இருக்க முடியாது. இந்த அம்மா இனி இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசக் கூடாது. வாய்தா. (எனக்குத் தெரிந்து, காரைக்காலில் ஒடியா பேசக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கிய ஒரே ஆள் நான்தான்.)

நிரஞ்சனை வெளியே அழைத்துப்போனார்கள். நெற்றியில் தரைத் தூசி. என் பக்கமாக வந்தபோது நின்றான்.

"மாவுசி, ஐயா என்ன சொன்னாரு? நான் ஊருக்குப் போலாமா?"

அந்த அறையில் அந்தக் கேள்வி புரிந்த ஒரே ஆள் நான். பதில் சொல்லக் கூடாத ஒரே ஆளும் நான். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

வீட்டுக்காரர் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார், பாதி வழிக்குள் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். பிறகு, "புளி அதிகம்னானா? கெட்டிக்காரப் பையன்," என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு தருமபுரம் வரும்வரை அழுதேன். எனக்கு ஆசையாக இருந்தது, அதனால் போனேன். என் ஆசைக்கு அவன் இன்னும் சில வாரம் உள்ளே இருக்கப்போகிறான்.

அழுது முடித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கொஞ்சம் உருப்படியானவள். செந்தாமரையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். ஜட்ஜ் உத்தரவு கையில் இருந்தும், போன இடமெல்லாம் அதே கேள்விதான். இந்தச் செலவை எந்தத் தலைப்பில் போடுவது?

ஒரு ஆபீசர் தன்மையாகத்தான் கேட்டார். "ஏம்மா, உள்ளூர்ல யாராவது ஒடியா தெரிஞ்சவங்க சும்மா வந்து பேசிக் குடுக்க மாட்டாங்களா?"

"வந்தேங்க. வந்துதான் இந்தக் கதி ஆயிருக்கு," என்று நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். முருங்கை மரத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், நிரஞ்சன் தரையில் விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டினார். ஏதோ ஒரு தலைப்பைக் கண்டுபிடித்து, அதன் கீழ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை நாள் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் சென்னையிலிருந்து வந்தார். ஒடிசாவில் பிறந்து, சென்னையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை. புத்தகத்தில் படித்த தமிழ், நாமெல்லாம் பேசுவதைவிடச் சுத்தம். நானும் போனேன். பேசத்தானே கூடாது, கேட்கக் கூடாது என்று உத்தரவு இல்லையே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ("மத்தவங்க கச்சேரிக்குப் போவாங்க, இவ கேஸுக்குப் போறா," என்றார் வீட்டுக்காரர்.)

அந்த மனிதர் நிரஞ்சனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பெயரைக் கேட்டார். பெயர் வந்தது. ஊரைக் கேட்டார். ஊர் வந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. பிறகு ஜட்ஜ், நடந்ததைச் சொல்லச் சொன்னார். நிரஞ்சன் ஒடியாவில் சொல்லச் சொல்ல, அவர் அவனுடைய குரலாகவே மாறித் தமிழில் சொல்லிக்கொண்டுவந்தார்.

"எனக்குக் காலை வேலை. ஐஸ் கம்பெனியில் படுக்க இடம் கிடையாது. ஆற்றில் கட்டியிருந்த படகில் நிழல் இருந்தது. மத்தியானம் அதில் படுத்துத் தூங்கினேன். விழித்தபோது கரையைக் காணவில்லை. கயிறு எப்போது அவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு நீச்சல் தெரியாது. எஞ்சினை எப்படிக் கிளப்புவது என்றும் தெரியாது. நான் நெல் விளைகிற ஊர்க்காரன். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்."

'நான்', 'நான்' என்று அவர் சொன்னதில், வங்கிக்காரரே படகில் தூங்கிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. அவர் கூட்டவில்லை, குறைக்கவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. அவர் துடைக்காததால்தான் மற்றவர்கள் எல்லாரும் துடைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த வேலை ஏன் வராது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜட்ஜ் முத்தையனைக் கூப்பிட்டார். படகு கிடைத்தபோது எஞ்சின் ஓடியிருந்த அடையாளம் உண்டா என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி. டீசல் ஊத்தி வெச்சது வெச்சபடி இருந்துச்சு. கயிறும் நைஞ்ச கயிறுதாங்க, மாத்தணும்னு இருந்தேன். இவன் அன்னிக்கே இதச் சொல்லியிருந்தான்னா நான் கேஸே குடுத்திருக்க மாட்டேன்."

"அவர் அன்றைக்கே சொல்லித்தான் இருப்பார்," என்றார் ஜட்ஜ்.

முத்தையன் நிரஞ்சனைப் பார்த்துக் கும்பிட்டார். அதன் பிறகு சட்டப்படி என்னென்னவோ நடந்தது. செந்தாமரை விளக்கினால் அரை நாள் ஆகும். சுருக்கமாக, நிரஞ்சன் விடுதலை. வங்கிக்காரர் அதை அவனுக்கு ஒடியாவில் சொன்னார். நிரஞ்சன் உடனே சிரிக்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் தேடினான். கடைசி பெஞ்சில் என்னைக் கண்டுபிடித்து, சத்தமாக ஒன்று கேட்டான்.

நீதிமன்றத்தில் அவன் எதைப் பேசினாலும் மொழிபெயர்ப்பதாகப் பிரமாணம் எடுத்தவர் வங்கிக்காரர். நிமிர்ந்து நின்று ஜட்ஜிடம் சொன்னார்.

"'சித்தி, நான் ஊருக்குப் போகிறேன். தாங்கள் எப்போது ஊர் திரும்புவீர்கள்?' என்று கேட்கிறார்."

அந்தக் கூட்டத்தில் அந்த மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரே ஆளிடம்தான் கேள்வி. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். போன தடவை போட்ட உத்தரவு அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"பதில் சொல்லலாம்மா," என்றார்.

எழுந்து நின்றேன். தமிழும் வரவில்லை, ஒடியாவும் வரவில்லை. அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன், அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அதை மொழிபெயர்க்க வங்கிக்காரராலும் முடியவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. நிரஞ்சன் போன மறுவாரம் ஊரிலிருந்து போன் செய்தான், அவன் அம்மாவும் பேசினாள், பிறகு அந்த நம்பர் மாறிவிட்டது. செந்தாமரை சொல்கிறாள், இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவள் கேட்டால் எந்தத் தலைப்பு என்று யாரும் கேட்பதில்லையாம். என்னைக் கூப்பிடுகிறவர்களும் இல்லை. அது நியாயம்தான்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி தங்கிவிட்டது. நான் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டாலோ, குழம்பு வைக்காமல் பாரதீப் பழக்கத்தில் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிட்டாலோ, வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி, வங்கிக்காரரின் சுத்தத் தமிழில் கேட்பார். "தாங்கள் எப்போது ஊர் திரும்புவீர்கள்?" லீவுக்கு வந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மருமகளுக்குக்கூடப் பாடமாகிவிட்டது. நானும் சிரிப்பேன். சிரித்து முடித்துவிட்டு, ஒடியாவில் ஒரு பதில் சொல்வேன். அது வீட்டில் யாருக்கும் புரியாது, நானும் மொழிபெயர்த்துச் சொல்வதில்லை.